முனீஸ்வரர் ஏறும் லிஃப்ட்

சிரம்பானிலிருந்து சுங்கை காடுட் போகும் சாலையில் அந்த ஞாயிற்றுக்கிழமை கார்கள் நகரவில்லை. விபத்து இல்லை, வெள்ளம் இல்லை, மலிவு விற்பனையும் இல்லை. கல்லுமலைத் தோட்டம் இருந்த இடத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் முப்பத்தெட்டு மாடிக் குடியிருப்புக்கு மாடிச்சித்தர் வருகிறார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியிருந்தது. அம்பாங்கானிலிருந்து ஒரு கூட்டம், சிரம்பானிலிருந்து ஒரு கூட்டம், வீடு வாங்கும் எண்ணமே இல்லாமல் சும்மா பார்க்க வந்த ஒரு கூட்டம். சும்மா வந்தவர்கள்தாம் விற்பனைக் கூடத்தின் முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருந்தார்கள்.

கட்டடம் இன்னும் ஆறாவது மாடியைத் தாண்டவில்லை. அதற்குள் இருபத்தைந்தாவது மாடியில் யார் ரத்தம் கக்குவார்கள் என்பது சித்தருக்குத் தெரிந்துவிட்டது. சுவர் வரவில்லை, கதவு வரவில்லை, பீடை மட்டும் சாவி வாங்கிக்கொண்டு குடிவந்துவிட்டது. கட்டடத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது, விளம்பரப் பலகை மலாயில் இருந்தது. தமிழனுக்கென்று பயத்தை ஒதுக்கியிருந்தார்கள்.

மற்ற வாஸ்துக்காரர்கள் மனையடியைப் பார்ப்பார்கள். இவர் தரைவீட்டுப் பக்கமே தலைவைக்க மாட்டார். மாடி என்றால்தான் வருவார், அதுவும் உயரமான மாடி. காவிப் பட்டு ஜிப்பா, கழுத்தில் கொட்டைகள், காலில் ஓடுவதற்கு வசதியான விளையாட்டுக் காலணி. அந்தக் காலணியைப் பார்த்தாவது நம் ஆட்கள் யோசித்திருக்கலாம். கையில் ஐம்பொன் தூக்குக்குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் தொங்கவிட்டுப் பார்ப்பாரே, அதே குண்டுதான், கொஞ்சம் நகை போட்டுக்கொண்டது. மேசைமேல் வீட்டின் பிளானை விரித்து அதற்கு நேராகக் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு அசையாமல் நின்றால் நல்ல வீடு. சுற்றினால் ஆளை முடித்துவிடும்.

சித்தருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, பிளானும் படிக்கத் தெரியாது. ஞானிக்கு எதற்கு அதெல்லாம்? கட்டடம் கட்டி விற்கும் மேம்பாட்டாளரின் விற்பனை மேலாளர் சசிதரன் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு தாளையும் விரித்து, "இது இருபத்தி அஞ்சாவது மாடி, மலைப் பக்கம் சாமி" என்று பயபக்தியோடு படித்துச் சொல்வான். குண்டு உடனே சுற்றத் தொடங்கும்.

இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் முதல் ஆள் யோகேந்திரன். அவன் வேடிக்கை பார்க்க வந்தவனாக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம். அந்தக் கட்டடத்தின் பிளானை வரைந்தவனே அவன்தான். கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கும் கட்டடக் கலைஞர் கோடு கிழித்துக் கொடுப்பார், அதை அளவோடு கணினியில் வரைந்து எடுப்பது சிரம்பான் அலுவலகத்தில் யோகேந்திரனின் வேலை. நடுவில் லிஃப்டும் மாடிப்படியும், அதைச் சுற்றி வீடுகள். கிழக்கே கல்லுமலையைப் பார்த்த வீடுகளுக்கு நாள் முழுக்கக் காற்று. மேற்கே நெடுஞ்சாலையைப் பார்த்த வீடுகளுக்கு லாரிச் சத்தம், சாயங்கால வெயில், அதோடு ஒவ்வொரு மாடியிலும் சுவரை ஒட்டி இறங்கும் குப்பைக் குழாய். வாகன நிறுத்தத்துக்கு மேலே எல்லா மாடிகளும் ஒன்றுதான். ஒரு மாடியை வரைந்து, அதையே மேலே மேலே ஒட்டியவன் அவன். பத்தாவது மாடிக்கும் முப்பதாவது மாடிக்கும் ஒரு கோடு வித்தியாசமில்லை என்று உலகத்தில் யாருக்காவது நிச்சயமாகத் தெரியும் என்றால் அது அவனுக்குத்தான். அப்படிப்பட்டவன் குண்டு சுற்றியதும் இரண்டு கையையும் கூப்பிவிட்டான்.

தோட்டத்து ஆட்களுக்குக் கிழக்குப் பக்கம் சும்மா கிடைக்கவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது மறியல் செய்து, பதாகை பிடித்து, தலைவர்களுக்கு மாலை போட்டு, போட்ட மாலையைத் திரும்பக் கழற்றி, கடைசியில் வாங்கிய உரிமை அது. வெளியேறிய குடும்பங்களுக்கு மலைப் பக்க வீடுகள், தோட்டத்து முனீஸ்வரருக்குக் கட்டடத்தின் கிழக்கு மூலையில் தரையோடு ஒரு சின்னக் கோயில். அந்தக் கோயிலையும் யோகேந்திரன்தான் வரைந்து சேர்த்தான். சூலத்துக்குக்கூட அளவு போட்டிருந்தான்.

சித்தர் அந்த மூலையைத்தான் பிடித்தார். முனி ஓட்டம் என்றால் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. முனி உலா போகும் பாதை அது, குறுக்கே வீடு கட்டினால் வீடு உருப்படாது என்பார்கள். லயத்தில் முனி தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தார். மாடி வந்தால் என்ன செய்வார்?

"நேரா மேல ஏறுவாரு," என்றார் சித்தர். "கோயில்லேருந்து மொட்டை மாடி வரைக்கும். லிஃப்ட் மாரி. கிழக்குப் பக்கம் குடியிருக்கிறவன் அவரோட பாதையில படுத்திருக்கான்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அடுத்த வாரமே சசிதரன் ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தான். தோட்டத்து மக்களின் மனவேதனையைப் பார்த்து மேம்பாட்டாளர் கண்கலங்கிவிட்டாராம். விரும்பியவர்கள் மலைப் பக்க வீட்டைக் கொடுத்துவிட்டு மேற்குப் பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு மாலை கையெழுத்து, போட்டால் போட்டதுதான். மேம்பாட்டாளர்கள் கண்கலங்கினால் நாம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் பார்க்கவில்லை.

முதலில் பெயர் கொடுத்தவன், அதே தோட்டத்தில் பிறந்த யோகேந்திரன். அவனைப் பயமுறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அவன் அம்மா வள்ளிநாயகி தோட்டத்தில் பல வருஷம் புல்லுக்கு மருந்து அடித்தவர். இப்போது நான்கு படி ஏறினால் மார்பு விசில் அடிக்கும். காற்று வரும் வீடாகப் பார்த்துக் குடிபோகச் சொல்லி மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அந்த மலைப் பக்க வீட்டை நினைத்துத்தான் அவன் இத்தனை நாள் வாடகை வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். சித்தர் அவனுடைய தாளின்மேல் குண்டைச் சுற்றவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இந்த வீட்டுல ஒரு மூச்சு முட்டுதே. மேல ஏறினா அந்த மூச்சு ஒரு வருசம் தாங்காது" என்றார்.

யோகேந்திரன் மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டான். சாமிக்கு எப்படித் தெரிந்தது? வள்ளிநாயகியின் இருமல் ரொட்டி சானாய் கடைக்காரனுக்குத் தெரியும், தபால்காரனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். சித்தருக்கு மட்டும் தெய்வம் வந்து சொல்லியிருக்க வேண்டும் என்று அவன் முடிவு செய்தான். தன் கையாலேயே குப்பைக் குழாயை வரைந்தவன், அதை ஒட்டிய வீடே போதும் என்று தன் வாயாலேயே கேட்டு வாங்கினான்.

அவனோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "பிளான் போட்டவனே மாத்திக்கிறான்னா சும்மாவா?" என்றார் கோயில் தலைவர் ராமகிருஷ்ணன். அந்த ஒரு வார்த்தையில் தோட்டத்துக் குடும்பங்கள் வரிசையாகப் பெயர் கொடுத்தன. வேலையில் இத்தனை வருஷம் யோகேந்திரன் சொன்னதை ஒரு கொத்தனார்கூடக் கேட்டதில்லை. அவன் பின்னால் முதல்முறையாக ஒரு கூட்டம் நடந்தது. நேராகக் குப்பை அறைக்கு.

வீட்டுக்கு வந்து மனைவி ரோகினியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் சுங்கை காடுட்டில் கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவள் சமைத்துக்கொண்டே கேட்டாள். குப்பைக் குழாய் என்ற இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"அந்தக் குழாய்க்குப் பக்கத்துல வீடு வாங்குறவன் மடையன்னு போன வருசம் சொன்னீங்களே. அது யாருங்க?"

"அது வேற," என்றான். எது வேறு என்று அவனுக்கே தெரியவில்லை. அம்மாவின் மூச்சு விஷயத்தில் விளையாட முடியாது, ஒருவேளை உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று பொரிந்து தள்ளினான். அந்த ஒருவேளைதான் சித்தரின் மூலதனம் என்பது அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை.

ரோகினி சண்டை போடவில்லை. தன் தொழிற்சாலையில் நடப்பதைச் சொன்னாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் உண்மையில் பார்க்கிறார்களா, பார்ப்பதுபோல் தலையாட்டுகிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இவர்களே ஓட்டையான கையுறை ஒன்றை, நல்லது என்று முத்திரை குத்திய பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். பார்க்கிறவள் ஓட்டையைப் பிடிப்பாள். பார்க்காதவள் முத்திரையைப் பார்த்துவிட்டு நல்லது என்பாள்.

"உங்க சாமிக்கும் ஒரு பெட்டி அனுப்பலாம். அவரு பாஸ் ஆயிட்டாருன்னா, நானே அத்தைய கூட்டிக்கிட்டு குப்பைக்குப் பக்கத்துல வந்து படுத்துக்கிறேன்."

யோகேந்திரனுக்கு அது நியாயமாகப் பட்டது. சித்தர் தேறிவிடுவார் என்று அவன் உள்ளூர நம்பியதும் ஒரு காரணம். அவள் கேட்டபடியே ஒரு பிளான் வரைந்தான். இரண்டு தாளில் எடுத்தான். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக அவன் எதையும் வரைந்ததில்லை, முனீஸ்வரர் கோயிலைத் தவிர.

ஞாயிறு மாலை கூடம் நிரம்பி வழிந்தது. நடுவில் இருந்த உருண்டைத் தூணுக்குப் பக்கத்தில் சித்தரின் சிம்மாசனம். அங்கேதான் அவர் வாரக்கணக்காக உட்கார்ந்து ஐஸ் மைலோ குடித்துக்கொண்டு பலன் சொல்லி வருகிறார். வள்ளிநாயகியும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கையெழுத்துக்கு முன்பாகச் சின்ன வேண்டுகோள் என்று யோகேந்திரன் எழுந்து, வீட்டின் உள்ளமைப்பைக் கொஞ்சம் மாற்றி வரைந்திருப்பதாகவும், இரண்டு பக்கத்துக்கும் சாமி ஒருமுறை பார்த்துச் சொன்னால் மக்கள் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள் என்றும் கேட்டுக்கொண்டான். குரல் தழுதழுத்தது. பயத்தில் வந்த தழுதழுப்பைச் சித்தர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

சசிதரனுக்கு வீடு விற்கத் தெரியும், பிளான் பார்க்கத் தெரியாது. முதல் தாளை விரித்தான். மூலையில் எழுதியிருந்ததைப் படித்தான். "இருபத்தி அஞ்சாவது மாடி. மலைப் பக்கம் சாமி."

குண்டு இறங்கியது. முதலில் மெல்ல, பிறகு பேய் பிடித்த மாதிரி சுற்றியது. சித்தரின் உடம்பு உதறியது. ரோகினி பணிவாக, எந்த இடத்தில் ஆபத்து அதிகம் என்று கேட்டாள். சித்தர் நடுவில் ஒரு வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இங்கதான் முனி ஏறுறாரு. இந்த எடத்துல அரை நாழி உக்காந்தவன் உசுரோட எந்திரிக்க மாட்டான்."

மேற்குப் பக்கத்துக்குப் பெயர் கொடுத்திருந்த புஷ்பவள்ளி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது தாளை விரித்தார்கள். "இருபத்தி அஞ்சாவது மாடி, ரோட்டுப் பக்கம்," என்று சசிதரன் படித்தான். குண்டு அடங்கி, சாதுவாகத் தொங்கியது. அதே போன்ற வட்டத்தில் விரலை வைத்து, இங்கே மகாலட்சுமி கால் நீட்டிப் படுத்திருக்கிறாள் என்றார் சித்தர். கூட்டத்தில் நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. சிலர் பேனாவைத் தேடினார்கள்.

ரோகினி இரண்டு தாளையும் எடுத்தாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். மேற்குக் கண்ணாடிக் கதவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தாள்களை அந்தக் கதவில் ஒட்டிப் பிடித்தாள். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது. சுவரின்மேல் சுவர், கதவின்மேல் கதவு, வட்டத்தின்மேல் வட்டம். மூலையிலிருந்த எழுத்து மட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றது.

"ரெண்டும் ஒரே படம்," என்றாள். "ஒன்னுல சாவுறோம், ஒன்னுல லட்சுமி. இது எந்த எடம்னு நல்லா பாருங்க. இதோ கண்ணாடிக் கதவு. அதோ சாமிக்கு மைலோ கலக்குற சின்ன சமையலறை. இந்த வட்டம் சாமி சாஞ்சிருக்கிற தூணு. நாம நிக்கிற இந்தக் கூடத்தத்தான் வரைஞ்சு எடுத்து வந்தோம்."

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். பிறகு தாளைப் பார்த்தார்கள். பிறகு, உயிரோடு எழுந்திருக்க முடியாத இடத்தில் சாய்ந்திருந்த சித்தரைப் பார்த்தார்கள். சித்தர் எழுந்துவிட்டார். அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அவர் சும்மா விடவில்லை. பொய் எழுதிக் கொண்டுவந்து தெய்வத்தை ஏமாற்றப் பார்த்தார்கள், குண்டு குழம்பிப் போனது, முனியின் கோபத்துக்கு ஆளாவீர்கள் என்று கத்தினார். ரோகினி குரலை உயர்த்தவே இல்லை.

"கோட்டப் பாத்து குண்டு ஆடினா, ரெண்டுக்கும் ஒரே மாரி ஆடியிருக்கும். எழுத்த மாத்தினா ஆட்டமும் மாறுது. அப்ப குண்ட ஆட்டுறது முனி இல்ல. எழுத்தப் படிச்சுக் காட்டுற ஆளு."

கூடத்தின் எல்லாத் தலைகளும் சசிதரன் பக்கம் திரும்பின. அவனுக்குத் திடீரென்று கைத்தொலைபேசியில் வேலை வந்துவிட்டது. அவன் காப்பாற்றுவான் என்று காத்திருந்த சித்தருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னா தம்பி, கெழக்கு கெட்டது, மேக்கு நல்லதுன்னு மட்டும்தானே சொன்னீங்க? பரீட்சை வைப்பாங்கன்னு சொல்லவே இல்லியே லா" என்றார். தெய்வ வாக்கு என்று அவர் சொன்னவற்றில் உண்மையானது இது ஒன்றுதான்.

கூடம் கொந்தளித்தது. கிழக்குப் பக்கத்தை ரயிலேறிக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் நல்ல விலைக்குத் தள்ளத்தான் இந்தக் கண்கலங்கல் என்பது இப்போது குழந்தைக்கும் விளங்கியது. சசிதரனைச் சட்டையைப் பிடித்து நிறுத்திய கூட்டத்தில், போன வாரம் அவனுக்குப் பொன்னாடை போர்த்தியவர்களும் இருந்தார்கள். சித்தரின் காலணி எதற்கென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் ராமகிருஷ்ணனால் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வர முடியவில்லை. சித்தர் பொய்யாக இருக்கலாம், முனி ஓட்டம் பொய்யாகுமா என்று தலையைச் சொறிந்தார். நான்கைந்து பேர் ஆமாம் என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், யோகேந்திரனும் உள்ளுக்குள் ஆமாம் என்றான். தன் கண்ணால் பார்த்த பிறகும் அந்தப் பாழாய்ப்போன ஒருவேளை அவனை விட்டுப் போகவில்லை.

அப்போது வள்ளிநாயகி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"நம்ம லயம் முனி கோயிலுக்கு நேர் பின்னால இருந்துச்சு. அவரு போறதா இருந்தா எங்க வாசல் வழியாத்தான் போயிருக்கணும். ஒரு நாளும் எங்கள ஒன்னும் செய்யல. என் நெஞ்ச கெடுத்தது மருந்து. மூஞ்சிக்குத் துணிகூட குடுக்காம அடிக்கச் சொன்னது வேல வாங்குன மண்டோரு, மண்டோருக்குச் சொன்னது தொர. அவங்கள ஒருத்தரும் கேக்கல. எல்லாத்தையும் முனி தலையில போட்டீங்க. இப்ப காத்து வர்ற வீட்ட அவரு பேர சொல்லியே புடுங்க வந்தான், கும்பிட்டீங்க."

உட்கார்ந்துகொண்டு மகனைப் பார்த்தார். "யோகு, எனக்கு மேல வீடு வேணும். ஒரு வருசம் தாங்குதோ ரெண்டு வருசம் தாங்குதோ, நல்ல காத்துல தாங்கட்டும்."

யோகேந்திரன் அழுதுவிட்டான். அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று அவரைக் கொண்டுபோய் எங்கே வைக்கப் பார்த்தான் என்பது அந்த நிமிஷம்தான் அவனுக்கு முழுதாக உறைத்தது. எழுந்து கூட்டத்தைப் பார்த்து, பிளான் வரைந்தவன் என்று தன்னை நம்பி யாரும் மேற்குப் பக்கம் வர வேண்டாம், கோடு கிழிக்கத் தெரிந்த அளவுக்குத் தனக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று சொன்னான். புஷ்பவள்ளி அக்கா முதலில் எழுந்து தன் பெயரை அடிக்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ராமகிருஷ்ணன் கடைசியில் வந்தார், தான் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டதாகச் சொல்லிக்கொண்டே.

மலைப் பக்கமே வேண்டும் என்று மேம்பாட்டாளரிடம் கொடுக்கும் கூட்டு மனுவை அங்கேயே எழுதினார்கள். முதல் கையெழுத்துக்குப் பேனா யோகேந்திரனிடம் வந்தது. அவன் பேனாவை வாங்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"என்னங்க பாக்குறீங்க?" என்றாள் ரோகினி.

"ஒன்னுமில்ல. மணி."

ஐந்தைத் தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு மேல் என்ன காலம் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து விரலும் வியர்க்க, ராகு காலத்தின் நட்டநடுவில், யோகேந்திரன் கையெழுத்துப் போட்டான். கூரை இடிந்து விழவில்லை. அவன் ஒருமுறை அண்ணாந்து பார்த்துத்தான் அதை உறுதி செய்துகொண்டான்.

முப்பத்தெட்டு மாடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தெரிந்த நமக்குக் கழுத்துக்கு மேலேயும் ஒரு மாடி இருக்கிறது. இத்தனை காலமும் அதைக் கண்டவனுக்கும் வாடகைக்கு விட்டது போதும், இனிமேலாவது நாமே குடிபோவோம்.